கடனில்லாத நிலம்

எரிக் பரோன் என்ற அமெரிக்கர் 2016-ல் வெளியிட்ட ஸ்டார்ட்யூ வாலி என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைச் சில மாதங்களாக இரவில் ஆடிவருகிறேன். இலக்கியக்காரனுக்கு இது ஆகாது என்று நினைக்கும் நண்பர்கள் உண்டு. நாவல் வாசிப்பையும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. இது தருகிற நிம்மதி எதனால் ஆனது?

ஜோஜா என்ற கம்பெனியில் குமாஸ்தாவாக இருக்கும் ஒருவன் தாத்தா விட்டுப்போன கடிதத்தைப் பிரிக்கிறான். கிராமத்தில் அவனுக்கு நிலம் இருக்கிறது. கையில் 500 காசு. ஊர்த் தலைவர் தரும் 15 பார்ஸ்னிப் விதை. விதை 20 காசு, கிழங்கு 35 காசு, நாலே நாளில் விளைச்சல். வாசலில் ஒரு பெட்டி இருக்கிறது. அதில் போட்டதற்கு மறுநாள் விடியும்போது பணம் வந்திருக்கும். எத்தனை ஆயிரம் கிழங்கு போட்டாலும் விலை இறங்குவதில்லை. கஷ்டங்கள் இல்லாமலில்லை. காக்கை கொத்தும், இடி விழும், 28 நாளில் பருவம் மாறியதும் நிற்கும் பயிர் பட்டுப்போகும். ஆனால் கடன் கிடையாது, தரகன் கிடையாது, கூலியாளும் கிடையாது. வசதி வந்தபின் குடிசை கட்டினால் ஜுனிமோ என்ற வனப்பூதங்கள் அறுவடை செய்கின்றன. கூலி கேட்பதில்லை.

பகலில் நான் வங்கியில் உட்காருகிறவன். அங்கே நிலம் என்பது சர்வே எண், சிட்டா, அடங்கல். விவசாய நகைக்கடன் கவுண்டரில் தராசில் கிடக்கும் சங்கிலியின் எடை. விளைந்தது என்ன விலைக்குப் போகும் என்று கடன் வாங்குகிறவருக்கும் தெரியாது, எழுதிக்கொள்ளும் எனக்கும் தெரியாது. எனவே அந்தப் பெட்டியின் கவர்ச்சி எனக்குச் சீக்கிரமே புரிந்தது. உழைத்தால் குறித்த நாளில் குறித்த தொகை என்பது சம்பளக்காரனின் உலகம். ஆபீஸை விட்டு ஓடியவன் ஆபீஸின் நிச்சயத்தைக் கூடவே எடுத்துப்போய் வயலில் ஊன்றியிருக்கிறான். இவ்வகை விளையாட்டுகளின் மூதாதை, 1996-ல் ஜப்பானில் வந்த ஹார்வெஸ்ட் மூன். அதைச் செய்த யசுஹிரோ வாடாவும் மியாசாகியிலிருந்து டோக்கியோ போனவர்தான். கிராமத்தைக் கனவு காண்பதற்கு முதலில் அதை விட்டுப் போயிருக்க வேண்டும் போலும்.

பரோனின் சொந்த உழைப்பு இதற்கு நேர்மாறானது. படம், இசை, எழுத்து எல்லாவற்றையும் தனியாளாகச் சுமார் நாலரை வருஷம் செய்தார். விலை போகுமா என்ற உத்தரவாதம் எதுவுமில்லை. விளையாட்டுக்குள் காணாத விவசாயம் அதைச் செய்தவரிடம் இருந்திருக்கிறது.

அவரை வறுமை அறியாதவர் என்றும் சொல்ல முடியாது. பஸ் ஓட்டும் வேலை போன பாம் என்கிற பெண் மகளுடன் டிரெய்லரில் வசிக்கிறாள், மாலையானால் மதுக்கடை. வறுமை ஊரில் இருக்கிறது, நிலத்தில்தான் இல்லை. இங்கேதான் எனக்கு இடறுகிறது.

கி.மு. 42-ல் பிலிப்பி யுத்தம் முடிந்ததும் படைவீரர்களுக்குக் கொடுப்பதற்காக இத்தாலியில் நிலங்கள் பறிக்கப்பட்டன. வர்ஜிலின் முதல் எக்ளாகில் அதன் நிழல் விழுந்திருக்கிறது. நிலம் தப்பிய டிட்டிரஸ் மரத்தடியில் குழல் ஊதுகிறான். நிலம் பறிபோன மெலிபியஸ் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிறான். குழலோசை அவன் காதில் விழுவதால்தான் அது வெறும் இனிமையாக நின்றுவிடவில்லை. ஸ்டார்ட்யூ வாலி டிட்டிரஸை மட்டும் வைத்துக்கொண்டது. நான் அனுபவிக்கும் நிம்மதி மற்றவனை நீக்கியதால் கிடைத்தது. நாளை இரவும் ஆடுவேன். அந்த நிம்மதியைக் கிராமம் என்று மட்டும் அழைக்க மாட்டேன்.

பண்ணைக்குக் கிழக்கே பஸ் நிறுத்தம் உண்டு. ஆரம்பத்தில் அங்கே பழுதான பஸ் ஒன்று நிற்கிறது. அது ஓடிய காலத்தில், நிலத்தை இழந்து யாரும் அதில் ஏறிப்போனதாக ஊரில் பேச்சில்லை.