போனா ஏன் வாறியள்?

எங்கள் இரண்டு பேருக்கும் கார் ஓடத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் சைக்கிளும் பஸ்ஸும் போதும். ஐரோப்பாவுக்கும் அது தடையில்லை எண்டு கம்பஸ் கன்ரீனில் இருந்து கணக்குப் போட்டோம். வெளிநாட்டவருக்கான யூரெயில் பாஸ் 27 வயது வரை மலிவு. ஒரு மாதத்துக்குள் விரும்பின 5 நாள் ரெயில் ஏறலாம். பாரிஸில் இருந்து வெளிக்கிடும் வேக ரெயில்களுக்கு சீட் பதியத் தனிக் காசு. அந்தத் துண்டுக்கு மட்டும் பிளிக்ஸ்பஸ். தங்குவதற்கு லாச்சப்பலுக்குக் கிட்ட ஒரு மாமி வீடு. சோறு கறிக்கும் கவலையில்லை.

பிறகுதான் விசா. ஷெங்கன் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் அந்தக் காசு வராது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கு விபரம். எல்லாவற்றுக்கும் மேலே, திரும்பி வருவோம் எண்டதற்கு ஆதாரம். எங்களிடம் காணியும் இல்லை, சம்பளமும் இல்லை. கம்பஸ் கடிதம் மட்டும்தான்.

வீட்டில் சொன்னால் அம்மம்மா கேட்கிறா: "போறதெண்டா போங்கோ பிள்ளையள். பிறகேன் திரும்பி வாறியள்?"

அங்கே, திரும்பமாட்டோம் எண்டு சந்தேகம். இங்கே, திரும்பிவிடுவோம் எண்டு கவலை. எங்கட ஊரில் ஐரோப்பா எண்டால் போய் இருக்கிற இடம். பார்த்திட்டு வாற இடமில்லை.

நாங்கள் பார்த்திட்டு வரத்தான் ஆசைப்படுகிறோம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் முதல் வரியாக எழுதி வைத்திருப்பது திரும்பி வாற ரிக்கெற்றின் விலையைத்தான்.