பாலத்தில் ஏறாத மாமா

எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார். வேலூரை ஒட்டிய கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். எங்கள் ஊரில் அவ்வளவு பேர் இல்லை. ஆனாலும் யாராவது லீவில் வந்தால் பிள்ளைகள் நாங்கள் அவர் பின்னாலேயே திரிவோம். கறுப்புத் தகரப் பெட்டி, அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் பெயரும், திறந்தால் பாச்சை உருண்டை வாசனை, கேன்டீன் சோப்பு, பிஸ்கெட், பெரியவர்களுக்கென்று துணிக்கடியில் சுருட்டி வைத்த ரம் பாட்டில்.

சின்ன மாமா, என் அம்மாவின் தம்பி, பட்டாளத்தில் லாரி ஓட்டினார். 1987இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கையெழுத்துப் போட்ட பிறகு இலங்கைக்குப் போன அமைதிப்படையில் அவரும் இருந்தார். அமைதியைக் காக்கப் போன படை அக்டோபரிலேயே விடுதலைப் புலிகளோடு சண்டையில் இறங்கிவிட்டது. 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது சரியா தப்பா என்று டீக்கடையில் பெரியவர்கள் பெஞ்சைத் தட்டிப் பேசினார்கள். ஆயா மட்டும், "எவன் வந்தா என்ன, வராங்காட்டி என்ன. எம்புள்ள வந்துட்டான்" என்றாள்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு மாமா ஊரோடு வந்துவிட்டார். கடைத்தெருவுக்குப் போகும் வழியில் கால்வாயின் குறுக்கே சின்னதாக ஒரு பாலம் உண்டு. மாமா அதில் ஏறவே மாட்டார். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு கால்வாயில் இறங்கி, சேற்றில் நடந்து, அந்தப் பக்கம் ஏறுவார். எங்களையும் இறக்குவார். எங்களுக்கு அது கொண்டாட்டம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆளுக்கு முன் ஆள் குதிப்போம். பள்ளம் வெட்டிப் புதிதாக மண் போட்ட ரோட்டையும் அவர் மிதிக்க மாட்டார். ஓரமாக ஒதுங்கி முள்ளில் நடப்பார். யாழ்ப்பாணத்து ரோடுகளில் கண்ணிவெடி பாலத்துக்கு அடியிலும் புது மண்ணுக்கு அடியிலும்தான் காத்திருந்தது என்று அப்போது எங்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

தீபாவளி வந்தால் விடிவதற்குள் கழனிக்குப் போய்விடுவார். மோட்டார் கொட்டகைக்குள் உட்கார்ந்து, நிலம் நிறைந்து வரப்பு வழிந்தாலும் மோட்டாரை நிறுத்த மாட்டார். பக்கத்து நிலத்துக்காரர் சண்டைக்கு வந்ததுகூட உண்டு. அத்தை கொடுத்தனுப்பும் அதிரசத்தை நான்தான் எடுத்துப் போவேன். காதைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பார். மோட்டார் இரைச்சலில் ஊர் வெடி கேட்காது என்பது அவர் கணக்கு. 1987இல் தீபாவளி அக்டோபர் 21. அன்றைக்கு யாழ்ப்பாணப் பெரிய ஆஸ்பத்திரிக்குள் புகுந்து அமைதிப்படை சுட்டதில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் செத்தார்கள். மாமா அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. ஆனால் குடாநாட்டில்தான் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார்.

டிரைவர் வேலை போக இன்னொன்றும் அவர் தலையில் விழுந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் பாதிப் பேர் இந்திக்காரர்கள். வீடு வீடாகச் சோதனை போடும்போது பேச ஒரு தமிழ் ஆள் வேண்டும்; மாமாவைக் கூட்டிப் போவார்கள். ஒரு ராத்திரி திண்ணையில் அவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன்.

"நம்ம அம்மா வயசுக்கா. தம்பின்னு கூப்பிட்டுக் கால்ல வுழுந்துச்சு. என்ர பிள்ளைய விடச் சொல்லு தம்பின்னுச்சு. சொன்னேன். வுடல."

அம்மா ஒன்றும் பேசவில்லை. மாமாவும் அதற்கு மேல் சொல்லவில்லை.

ராத்திரியில் எழுந்து கத்துவார். அத்தை தொட்டு எழுப்பப் பயந்து தள்ளி நின்று கூப்பிடுவாள். காத்துக் கருப்பு என்றார்கள்; வேப்பிலை அடித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். கேன்டீன் சரக்கு செய்கிற வேலை என்றார்கள். அவர் குடித்தார், உண்மைதான். தூங்குவதற்குக் குடித்தார். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல ஆஸ்பத்திரி பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். போனால் பைத்தியம் என்று பேராகிவிடும், நாளைக்குப் பெண்பிள்ளைக்கு வரன் வராது என்று குடும்பம் கூடி முடிவு செய்தது. மாமா மகளுக்கு அப்போது ஐந்து வயது.

1994 மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை மாமா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். பிள்ளைகளை எதிர்வீட்டில் அடைத்துவிட்டார்கள். ஆயாவின் குரல் மட்டும் கேட்டது. போலீசில் தீராத வயிற்று வலி என்று எழுதிக் கொடுத்தார்கள். நம் ஊரில் தூக்கத்தைத் தொலைத்தவனுக்கும் கடன்பட்டவனுக்கும் காதலித்தவளுக்கும் கடைசியில் வருவது அந்த ஒரே வயிற்று வலிதான்.

வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பார்த்த பிறகு, 1980இலேயே அமெரிக்க மனநல மருத்துவர்கள் மாமாவுக்கு இருந்தது போன்ற நிலையை நோய் என்று தங்கள் கையேட்டில் சேர்த்துவிட்டார்கள். கெட்ட கனவு, சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, சில இடங்களைத் தவிர்ப்பது, தப்பிப் பிழைத்ததற்கே குற்றவுணர்ச்சி என்று அதன் அடையாளங்களைப் பின்னாளில் படித்தபோது எனக்கு ஒவ்வொரு வரியிலும் மாமாதான் நின்றார். பேச்சும் மருந்துமாகப் பலருக்குக் குணமாகிற நோய் அது. கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜெயவர்த்தனபுரவில் அமைதிப்படை நினைவிடம் இருக்கிறது. இலங்கையில் இறந்த வீரர்கள் சுமார் 1,200 பேரின் பெயரைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் மாமாவும் அந்தச் சண்டையில் செத்தவர்தான். ஏழு வருஷம் தள்ளி, வீட்டில் வைத்துச் செத்தார்.

உங்கள் தெருவிலும் பட்டாளத்திலிருந்து வந்தவர் ஒருவர் இருப்பார். அவர் ராத்திரியில் கத்தினால், குடியைக் குறை சொல்வதற்கு முன்னால் பக்கத்தில் போய் உட்காருங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்த நேரமும் காசில்லாமல் தமிழில் பேசலாம். வீட்டார் பேசினாலும் வழி சொல்வார்கள். உயிரை விட முயன்று பிழைத்தவர் மேல் வழக்கு வருமோ என்று அஞ்சி மறைக்கவும் வேண்டாம். அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம். தயவுசெய்து வயிற்று வலி என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்.