நெற்றியில் உப்பு

சிறுவயதில் அம்மா என் நெற்றியில் முத்தமிட்டால் உடனே உதட்டைத் துடைத்துக்கொள்வார். "கருவாட்டுப் பானையில ஒக்காந்திருந்தியா பாப்பா?" என்று சிரிப்பார். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அது வெறும் கேலி. நெற்றி உப்புக் கரிக்கும் குழந்தை நிலைக்காது என்று ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை ஒன்று இருந்ததைப் பின்னால்தான் படித்தேன்.

என் நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். லயத்தில் யார் வாயிலும் அது நுழையாது, 'சளி வியாதி'தான். செல்களில் உப்பு போய்வரும் ஒரு கதவு எனக்குப் பழுது. அதனால் வியர்வையில் உப்பு மிகும். நுரையீரலிலும் கணையத்திலும் சுரப்பது பசையாக இறுகும். நுரையீரலில் கிருமி குடியேறும், தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. சாப்பாட்டுக்கு முன் நொதி மாத்திரை விழுங்காமல் நான் ஒரு வாய் பரோட்டாகூடத் தின்ன முடியாது.

பதினோரு வயதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஓயாத இருமல், ஏறாத எடை என்றால் எங்கள் பக்கம் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். சளியில் அந்தக் கிருமி இல்லை என்று வந்தபிறகும் ஆறு மாதம் அதற்கான மாத்திரையைத் தின்றேன். இது வெள்ளைக்காரர்களின் நோய் என்ற எண்ணம் வேறு. கடைசியில் கோலாலம்பூரில் ஒரு டாக்டரம்மாதான் கேட்டார்: "முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குமா?" அம்மா என்னையே பார்த்தார்.

கையில் மருந்து வைத்து, லேசாக மின்சாரம் செலுத்தி வியர்வை எடுத்தார்கள். குளோரைடு 60ஐத் தொட்டாலே இந்த நோய்தான் என்பார்கள். எனக்கு 104.

இதற்கான மரபணு ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. 1989இல் கண்டுபிடித்தார்கள். அப்பாவிடம் ஒரு பிழை, அம்மாவிடம் ஒரு பிழை இருந்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்கு இரண்டும் சேரும். அப்பா, அம்மாவுக்குத் தாய்மாமன்.

தாப்பாவிலிருந்து மலையேறும் பஸ்ஸில் அம்மா வெகுநேரம் பேசவில்லை. ரிங்லெட் தாண்டியதும் சொன்னார்: "ஒங்கண்ணனும் உப்புக் கரிப்பான்."

நான் பிறக்குமுன் ஏழு மாதத்தில் சளிக்காய்ச்சலில் போனவன் அண்ணன். தோட்டத்து இடுகாட்டில் இருக்கிறான்.

அதன்பிறகு அம்மா அந்தக் கேலியைச் செய்யவில்லை. முத்தமும் கொடுக்கவில்லை. தட்டக் கற்றுக்கொண்டார். பெரட்டுக்குப் போகுமுன், விடியற்காலை ஐந்து மணிக்கு, இடுப்புக்குக் கீழே தலையணை வைத்து என்னைக் குப்புறப் போட்டு, தண்ணீர் அள்ளுவதுபோல் உள்ளங்கையைக் குழித்து முதுகில் தட்டுவார். கொழுந்து கிள்ளிக் காய்த்த கை. சத்தம் வரணும், வலிக்கக்கூடாது. சளி பெயர்ந்து வரும்வரை தட்டுவார்.

அதற்கு முன் நெபுலைசரில் உப்பு நீராவி. ஆஸ்திரேலியாவில் கடலில் அலைச்சறுக்கு விளையாடிய நோயாளிகளுக்கு நுரையீரல் நன்றாக இருந்ததைக் கவனித்து வந்த வைத்தியம் இது. ஆய்வு முடிவு 2006இல் வெளியானது. உப்பை இழக்கிற உடம்புக்கு உப்பே மருந்து. கரண்ட் போனால் அதுவும் இல்லை.

2019இல் அமெரிக்காவில் மூன்று மருந்து சேர்ந்த ஒரு மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. பலருக்கு அது மறுபிறவி. விலை ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கும் மேல். காசிருந்தாலும் எனக்கு உதவாது. என்னிடம் இருப்பது ஒரே பிழையின் இரண்டு பிரதிகள். அந்த மாத்திரை கேட்கும் பிழை அதுவல்ல. பட்டியலைத் தேடிப் பார்த்த இரவில் அம்மாவிடம் சொல்லாமல் படுத்துவிட்டேன்.

போன மாதம் வீட்டில் சொந்தமெல்லாம் கூடியிருந்தது. பெரிய மாமா மகனுக்குச் சித்தி மகளைப் பேசினார்கள். எல்லாருக்கும் சம்மதம். தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"மொதல்ல ரெண்டு பேருக்கும் ரத்தம் பாருங்க."

"நல்ல காரியத்துல என்ன பேச்சுக்கா இது?" என்றார் சித்தி.

"ரெண்டு புள்ள பெத்தேன். ஒண்ணு மண்ணுல. இவள தெனம் தட்டித்தான் எழுப்புறேன். யாரும் எனக்குச் சொல்லல. நான் சொல்றேன்."

இருபத்தேழு வருடத்தில் அண்ணனைப் பற்றி அவர் சொந்தக்காரர்கள் முன் பேசியது அன்றுதான். மாமா "பாப்போம்" என்றார். பார்ப்பார்களா தெரியவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு அம்மா விளக்கைப் போட்டார். "எந்திரி பாப்பா. குப்புறப் படு."