டாக்டர் எழுதிய கடிதம்

1994-இல் வந்த என் மாத நாவலில் பதினோராம் பக்கத்தில் ஒரு கடத்தல். காரிலிருந்து இறங்குகிறவன் குளோரோபார்மில் நனைத்த கைக்குட்டையைக் கதாநாயகியின் மூக்கில் அழுத்துகிறான். மூன்றே விநாடியில் அவள் துவண்டு விழுகிறாள். சினிமாவில் பார்த்ததை எழுதினேன். அதற்கு முந்தைய நாவல்களிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன், யாரும் கேட்டதில்லை.

இந்த முறை ஒருவர் கேட்டார். அரசு மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. இன்லேண்ட் லெட்டரின் மடிப்பு ஓரம்வரை நெருக்கி எழுதியிருந்தார். ஒரே மூச்சில் படித்தேன், கொலைகாரன் யாரென்று கடைசிவரை பிடிபடவில்லை என்று முதல் பாதி முழுக்கப் பாராட்டு. பிறகு குளோரோபார்ம். பயிற்சிக் காலத்தில் அதைக் கொடுக்கும்போது பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஆள் மயங்க நாலைந்து நிமிஷமாவது ஆகும். நடுவில் மூச்சை அடக்குவார், திமிறுவார், கையைக் காலைப் பிடிக்க ஆள் வேண்டும். மருந்து பட்ட இடம் வெந்துபோகும் என்பதால் முகத்தில் முதலிலேயே வாசலின் தடவுவார்கள். மயங்கியபின் தாடையைத் தூக்கிப் பிடிக்காவிட்டால் நாக்கு பின்னால் விழுந்து மூச்சை அடைத்துவிடும். உங்கள் கதாநாயகி கண் விழிக்கும்போது வாயைச் சுற்றி ஒரு தடிப்புகூட இல்லையே என்று கேட்டு முடித்திருந்தார். அடுத்த இதழின் வாசகர் கடிதம் பகுதியில் அது முழுதாக அச்சானது.

பாராட்டு என் கண்ணில் படவே இல்லை. ஊரே பார்க்க என்னை முட்டாளாக்கிவிட்டார் என்று இரண்டு நாள் கொதித்தேன். மூன்றாம் நாள், கையெழுத்தை மாற்றி, இல்லாத ஒரு டாக்டரின் பெயரில், பட்டத்தோடு ஒரு கடிதம் எழுதினேன். இப்போது வரும் குளோரோபார்ம் வீரியமானது, சில விநாடிகளே போதும், அந்தச் சகோதரி பழைய காலத்தை நினைத்துக்கொண்டு எழுதுகிறார் என்று. ஒவ்வொரு வரியும் பொய். பதிப்பாளர் நம்பி அச்சிட்டார்.

ஏன் டாக்டர்? இதைத்தான் நான் சொல்லியாக வேண்டும். சாதாரண வாசகன் பெயரில் எழுதியிருந்தால் அவர் திருப்பிக் கேட்டிருப்பார். டாக்டர் என்றால் வாயை மூடிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். வேலை பார்த்த காலம் முழுக்க யார் முன்னால் அவர் தலை குனிந்து நின்றிருப்பார் என்று கணக்குப் போட்டு, அந்த ஆளையே அவர்மேல் ஏவினேன்.

கணக்கு தப்பவில்லை. பதிப்பகத்துக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது; அவர்கள் எனக்கு அனுப்பிவைத்தார்கள். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நான் வேலையை விட்டு நாளாகிவிட்டது, எழுத்தாளர் மன்னிக்க வேண்டும் என்று நாலே வரி.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். 1847-இல் எடின்பரோவில் சிம்சன் என்ற மருத்துவர் இந்த மருந்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்த சில வருஷங்களிலேயே கைக்குட்டைக் கதையும் கிளம்பிவிட்டது; மயக்க மருந்தில் கைதேர்ந்த லண்டன் மருத்துவர் ஜான் ஸ்நோ அப்போதே அதை மறுத்திருக்கிறார். இந்த மருந்தால் சாகிறவர்களுக்கு மூச்சு முதலில் நிற்கிறதா, இதயமா என்று பார்க்க 1888-லும் 1889-லும் ஹைதராபாத்தில் நிஜாமின் பணத்தில் இரண்டு குழுக்கள் ஆராய்ந்தன. இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் அது. தியேட்டரில் நின்று கண்ணால் பார்த்தவர், அதை எனக்கு இலவசமாகக் கற்றுக்கொடுக்க வந்திருக்கிறார்.

மறுபதிப்பில் அந்தக் காட்சியைச் சத்தமில்லாமல் மாற்றினேன். காரணம் எழுதவில்லை. அஞ்சலட்டையில் அவர் முகவரி கதவிலக்கத்தோடு இருந்தது. பல தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன், பதில் போட்டதில்லை.

அம்மா, நீங்கள் எழுதியதுதான் சரி. அப்படி ஒரு டாக்டரே இல்லை. அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான்.