எள்ளும் பயிற்றங்காயும்

கல்லூரி மலருக்குச் சமையற் குறிப்போ என நண்பர் நகைப்பர். பொறுத்தருள்க.

1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாட் காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தன. எம் அன்னையார் அப்போது பத்து வயதுச் சிறுமி. துறைமுகத்து வேலைக்குச் சென்ற அவர்தம் தமையனார் மீளவில்லை. குடும்பம் தம்பலகாமம் நோக்கி நடந்தது. அதன்பின் யப்பான் என்னும் சொல் எம் இல்லத்தில் ஒலித்ததில்லை.

பின்னாளில் யாம் ஒசாக்காவிற் பணிபுரிந்தபோது 'கோமாஅயே' என்னுங் கறியைக் கற்றோம். கோமா என்பது எள். அயே என்பது பிசறல். விடுமுறையிற் கப்பல்துறை வந்து அதனை ஆக்கினோம். கால் கிலோ பயிற்றங்காயை இரண்டங்குலத் துண்டுகளாக்கி, கொதிக்கும் உப்புநீரில் 3 நிமிடம் அவித்து, நிறம் மங்காதிருக்கக் குளிர்நீரில் இட்டு வடித்தோம். 3 மேசைக்கரண்டி எள்ளை வறுத்து, ஒன்றிரண்டாக இடித்து, சோயாச் சாறு 1 மேசைக்கரண்டியும் சீனி 2 தேக்கரண்டியும் கூட்டிப் பிசறினோம். எண்ணெயில்லை, தாளிதமில்லை, மிளகாயுமில்லை.

அன்னையார் உண்டு, "எந்த ஊர்க் கறி, தம்பி?" என்றார். பொய்யுரைக்க நா எழவில்லை, உண்மை கூறினோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. "அங்கேயும் எள்ளுத்தானா?" என்று மட்டும் வினவினார். தமையனார்க்கு ஆண்டுதோறும் எள்ளும் நீரும் இறைக்கக் கண்ட கண்கள் அவை. பின்னர் எழுந்து, சட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் காகத்துக்கு வைத்துவிட்டு, மீண்டும் இலையின்முன் அமர்ந்தார்.

இன்று அவரும் இல்லை. ஏப்பிரல் 9 இல் அக்கறியை யாம் ஆக்குகின்றோம். முதற் பிடி காகத்துக்கே.