கணக்கில் வராத நாற்பது அடி

விடிய ஐந்தரைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வேலிக்கரையில் மூன்று தகரப் பீப்பாக்கள் நின்றன. நிறையத் தண்ணீர், தண்ணீருக்குள் கல். முதல்நாள் பின்னேரமே போட்டு ஊறவைத்தது. மேசன் அண்ணை முழங்கை வரை கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டார். "நேற்றுப் போடேக்க குமிழி குமிழியா விட்டுக்கொண்டு கிடந்தது. இப்ப ஒண்டையும் காணேல்ல. வயிறு நிரம்பியிட்டுது. இனிச் சீமெந்துத் தண்ணியைக் களவெடுக்காது" என்றார்.

அந்தக் கல், எதிர்வளவு ஆச்சியின் பழைய வீட்டு நிலம்.

முல்லைத்தீவு மாவட்டத்து உடையார்கட்டுக்கு நான் போனது ஒரு ஒழுங்கையைப் பார்க்க. பரந்தனில் பஸ் ஏறி முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு தாண்டினால் உடையார்கட்டு. ஏ35 வீதி இன்று கண்ணாடி போல இருக்கிறது. அதிலிருந்து பிரியும் ஒழுங்கைகளோ மாரியில் சேறும் கோடையில் புழுதியுமான கிறவல் பாதைகள். ஒன்றுக்குப் பிறகு ஒன்றாக அவற்றுக்குக் கொங்கிறீற் போடப்படுகிறது. நான் போன ஒழுங்கைக்கும் போட்டார்கள். ஆனால் ஒதுக்கிய காசு ஆச்சியின் படலைக்கு நாற்பது அடி இப்பால் முடிந்துவிட்டது. அதற்கு அப்பால் மூன்று வீடுகள். மழைக்கு முன்னர் அந்த நாற்பது அடியையும் தாங்களே போட்டுவிடுவது என்று ஊர்க்காரர் முடிவெடுத்தார்கள். சீமெந்து பங்கு போட்டு வாங்கினார்கள். தேவையான சல்லி முழுவதையும் வாங்கத்தான் காசு போதவில்லை. அப்போது மேசன் அண்ணை ஆச்சியின் வளவைக் காட்டியிருக்கிறார்.

போரின் கடைசி மாதங்களில், 2009 ஜனவரியில் அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயத்துக்குள் உடையார்கட்டும் இருந்தது. வன்னியின் நாலா பக்கமும் இருந்து வந்த சனம் இந்த வளவுகளில் தறப்பாள் கட்டி இருந்தது. வலயத்துக்குள்ளும் செல் விழுந்தது. பிறகு, தப்பி வந்தவர்களுக்குச் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். 2012 செப்டெம்பரில் முகாமை மூடும்வரை பகுதி பகுதியாக ஆட்களை ஊருக்கு விட்டார்கள். ஆச்சி வந்தபோது அவரது வீட்டில் நின்றது இரண்டரைச் சுவரும் நிலமும். வீட்டுத்திட்டத்தில் புதுவீடு பக்கத்தில் எழும்பியது. பழைய நிலம் இத்தனை வருசமும் நெல் காயவிடும் களமாகக் கிடந்தது.

"எடுங்கோ பிள்ளையள், ரோட்டுக்குத்தானே" என்று ஆச்சி சொல்லிவிட்டார். வாசற்படியை மட்டும் கொடுக்கவில்லை. அது அவருடைய கணவர் குழைத்துப் போட்ட படி. ஈரம் காயுமுன் விரலால் வருசம் எழுதியிருக்கிறார். அந்தப் படி இப்போது புதுவீட்டுக் குசினி வாசலில் கிடக்கிறது.

வீடு இடிந்த குவியல் எல்லாம் ஒரே கல் அல்ல. இதைத்தான் அன்று முழுவதும் நான் கற்றேன். சிலாப், தூண், வளை, நிலம் ஆகியவற்றிலிருந்து வரும் கொங்கிறீற் ஒரு குவியல். சீமெந்துக் கல் இன்னொன்று. செங்கல்லும் பூச்சுச் சாந்தும் மூன்றாவது. சுத்தியலால் தட்டினால் நல்ல கொங்கிறீற் 'கணீர்' என்னும். சாந்துக் கட்டி 'தொப்' என்று நொறுங்கும். பார்க்காமல், சத்தத்தைக் கேட்டே பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள் இரண்டு அக்காமார். 'கணீர்' மட்டும்தான் மேல் வார்ப்புக்கு. சீமெந்துக் கல்லும் செங்கல்லும் உடைபட்டு, கிறவலோடு கலந்து, கீழே இடித்து இறுக்கும் படைக்குப் போயின. பலகை, பிளாஸ்திக், வேர், மண் எதுவும் எதற்கும் ஆகாது. அஸ்பெஸ்டஸ் சீற்றுத் துண்டுகளைத் தனியே எடுத்து, உடைக்காமல், நனைத்து, பொலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தார்கள். அதன் தூசு நெஞ்சுக்குள் போனால் பல வருசம் கழித்துத்தான் ஆளைக் கொல்லும். இதை அந்த அக்காமாருக்குச் சொல்லிக் கொடுத்தவர், கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போய்வந்த ஒரு தம்பி.

அந்தத் தம்பிதான் காந்தமும் கொண்டுவந்தான். பழைய ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம், கயிற்றில் கட்டியது. உடைத்த கல்லைச் சாக்கில் பரப்பி அதன்மேல் இழுத்தான். ஆணி வந்தது, கம்பித் துண்டு வந்தது, கறள்பிடித்த செல் துண்டுகளும் வந்தன. அவற்றை ஒரு பால்மா ரின்னில் போட்டான். காந்தம் ஓட்டுவதற்கு முன் அவன் செய்த வேலை அதைவிட முக்கியமானது: நிலத்தைக் கிளப்பும்போது அலவாங்கை எடுத்தவுடன் ஓங்கிக் குத்தவிடவில்லை. ஓரத்திலிருந்து மண்ணை விலக்கி, அடியைப் பார்த்து, பிறகே கிளப்பச் சொன்னான். "தெரியாத இரும்பு கண்டால் கை வைக்கக் கூடாது. வேலையை நிப்பாட்டிப்போட்டு அறிவிக்க வேணும். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும்" என்றான். முல்லைத்தீவில் இடிபாட்டுக் கல்லைப் பற்றி யார் எந்தத் திட்டம் எழுதினாலும் முதல் வரி இதுவாக இருக்க வேண்டும்.

கல்லுடைத்த அக்காமாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறுபோக அறுவடை முடிந்து வயலில் வேலை இல்லாத நாட்கள் அவை. முக்கால் இஞ்சி அளவுக்கு உடைப்பது கை மணிக்கட்டை உருக்கும் வேலை. கண்ணுக்குள் சிதறு தெறிக்காமல் ஒருவர் சைக்கிள் ரியூப்பை வளையமாக்கிக் கல்லைச் சுற்றி வைத்து, அதற்குள் அடித்தார். சில் எல்லாம் வளையத்துக்குள் அடங்கியது. உடைத்ததைக் கம்பிவலையில் அரித்துத் தூளைக் கழித்தார்கள். வேறு இடங்களில் வீதி வேலைக்குப் போனால் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைந்த சம்பளம் என்று இருவரும் சொன்னார்கள். இந்தக் கல்லின் தரத்தைத் தீர்மானிப்பது அவர்களுடைய காது. தரம் பிரிப்பவருக்குக் கூலி குறைவு என்பது எந்தக் கணக்கிலும் நியாயம் ஆகாது.

இனி ஊறவைத்த கதைக்கு வருகிறேன்.

கருங்கல் சல்லி தண்ணீர் குடிக்காது. தன் எடையில் நூற்றில் ஒரு பங்கு கூட உறிஞ்சாது. உடைத்த கொங்கிறீற் அப்படி அல்ல. அதற்குள் இருக்கும் கருங்கல்லைச் சுற்றிப் பழைய சாந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தச் சாந்து நுண்துளைகளால் ஆனது. அதனால் நூற்றுக்கு நாலு, ஐந்து, சிலவேளை அதற்கும் மேலே குடிக்கும். செங்கல் அதைவிடப் பெருங்குடியன். உலர்ந்த இடிபாட்டுக் கல்லைக் கலவையில் போட்டால், மெசினில் இளக்கமாக இருந்த கலவை பலகைக்குள் கொட்டுமுன் இறுகிவிடும். இறுகியதைக் கண்டவுடன் கூலியாள் வாளித் தண்ணீரை ஊற்றுவார். கொங்கிறீற்றைக் கெடுப்பது அந்த வாளிதான். சீமெந்துக்குத் தேவையானதற்கு மேல் ஊற்றும் தண்ணீர் பின்னர் வற்றி வெளியேறும்போது, அது இருந்த இடமெல்லாம் துளையாகிறது. பலம் இறங்கிப் போகிறது.

மேசன் அண்ணை இதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டவர். சில வருசத்துக்கு முன் ஒரு பொதுக்கட்டட முற்றத்துக்கு உலர்ந்த இடிகல்லைப் போட்டுக் கலந்திருக்கிறார். மூன்று மாதத்தில் முற்றம் மாவாகக் கிளம்பியது. எல்லோரும் பழங்கல்லைக் குறை சொன்னார்கள். "கல்லில பிழை இல்லை தம்பி. தாகத்தோட வந்த கல்லுக்கு நான் தண்ணி குடுக்காமல் விட்டது பிழை" என்றார் என்னிடம். அன்று காலை பீப்பாவிலிருந்து எடுத்த கல்லைச் சாக்கில் கொட்டி வடியவிட்டார். மேல் மினுக்கம் போக வேண்டும், ஆனால் காயக் கூடாது. உள்ளே நிறைவு, வெளியே வடிவு. பாடப்புத்தகத்தில் இந்த நிலைக்கு ஒரு நீண்ட பெயர் உண்டு. அவர் அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்தார்.

கலவை ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு. ஒரு பெட்டி சீமெந்து, இரண்டு பெட்டி மணல், நாலு பெட்டி கல். அந்த நாலில் மூன்று வவுனியாப் பக்கத்திலிருந்து வந்த புதுச் சல்லி. ஒன்று ஆச்சி வீட்டு நிலம். ஏன் ஒன்று மட்டும் என்று கேட்டேன். "அதுக்கு மேல போட்டால் கலவை முரண்டு பிடிக்குது. கரண்டிக்குத் தெரியும்." எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தியத் தர நியமமான ஐ.எஸ். 383, 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தில், கம்பி இல்லாத கொங்கிறீற்றில் பருங்கல்லில் 25 வீதம் வரை மீள்சுழற்சிக் கொங்கிறீற் கல்லைச் சேர்க்கலாம் என்கிறது. கம்பி போட்ட கொங்கிறீற்றுக்கு 20 வீதம், அதுவும் எம் 25 தரம் வரைதான். அடிப்படையாகப் போடும் மெலிந்த கலவைக்கு நூறு வீதமும் போடலாம். அந்தத் தாளைக் கண்ணாலும் காணாத ஒரு மனிதர் நாலில் ஒன்றில் வந்து நின்றிருக்கிறார்.

உலகத்துக்கு இது புதிதும் அல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது ஜெர்மனியின் நகரங்களில் ஏறத்தாழ 40 கோடி கன மீற்றர் இடிபாடு கிடந்தது. பெண்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றி அதில் ஒரு பகுதியை அகற்றினார்கள். செங்கல் சில்லால் கொங்கிறீற் போடுவதற்கென்றே 1951இல் அங்கு டின் 4163 என்ற நியமம் வந்தது. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1980இல் 59ஆம் இலக்க நெடுஞ்சாலையின் வெடித்துப்போன கொங்கிறீற்றைப் பெயர்த்து உடைத்து, சுமார் 16 மைலுக்கு அதே வீதிக்குத் திரும்பப் போட்டார்கள். டெல்லி புராரியில் 2009 முதல் கட்டட இடிபாட்டை அரைக்கும் ஆலை ஓடுகிறது. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இருக்கிறது. போர் இடித்த ஊர்களில் இந்த யோசனை முளைப்பது இயல்பு. நம்மிடம் இடிபாடு இருந்தது, கை இருந்தது. இதற்கென்று எழுதிவைத்த விதி மட்டும் ஒழுங்கை வேலையின் மதிப்பீட்டுத் தாளில் இல்லை. அனுமதி கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போன ஊர்க்காரருக்கு, "எஸ்ரிமேற்றில கருங்கல் எண்டுதான் கிடக்கு" என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

மணலைப் பற்றியும் பேசாமல் முடியாது. விசுவமடு, தருமபுரம் பக்கத்து ஆற்றுப்படுகைகள் கள்ள மணல் அள்ளிக் குழிகுழியாகக் கிடக்கின்றன. இரவில் டிப்பர் ஓடும் சத்தம் கேட்டுத்தான் அங்குள்ள பிள்ளைகள் தூங்குகிறார்கள். கல்லுடைக்கும் ஆலைகளில் மலைமலையாகக் கழியும் கல்தூள் மணலின் ஒரு பங்கை மாற்றக்கூடியது. மாப்போன்ற பொடியைக் கழுவிவிட்டால் போதும். பரந்தன், கிளிநொச்சிப் பக்கத்து நெல் ஆலைகளின் உமியை 700 பாகை செல்சியசுக்கு மேலே போகவிடாமல் எரித்தால், அதன் சாம்பல் சீமெந்தோடு சேர்ந்து வேலை செய்யும். கண்டபடி எரித்துக் கறுத்த சாம்பலுக்கு அந்தக் குணம் இல்லை. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் ஏற்கெனவே சீமெந்துப் பைக்குள் போகிறது. குப்பை என்று நாம் தள்ளுவதில் பாதி, சரியாகக் கையாளாததால் குப்பையானது.

ஏழு மணிக்குள் வார்ப்புத் தொடங்கியது. வெயில் ஏறினால் கொங்கிறீற் மேலே காய்ந்து வெடிக்கும். இறுக்கிய படைமேல் பொலித்தீன் விரித்து, எட்டடி அகலத்துக்குப் பலகை அடித்து, ஐந்து இஞ்சித் தடிப்பில் கொட்டினார்கள். மட்டப்பலகையை இரண்டு பேர் இருபுறமும் பிடித்து அரக்கி அரக்கி இழுத்தார்கள். பதின்மூன்று அடிக்கு ஒரு மூட்டு விட்டார்கள். விடாவிட்டால் கொங்கிறீற் தானே வெடித்துத் தன் மூட்டைத் தானே தேடிக்கொள்ளும். மேல் தண்ணீர் அடங்கியதும் ஒரு அக்கா புதுத் தும்புத்தடியால் குறுக்கே மெல்ல இழுத்தார். மழைநாளில் சைக்கிள் வழுக்காமல் இருக்க அந்தக் கீறல். மறுநாள் காலை அதன்மேல் களிமண்ணால் வரம்பு கட்டித் தண்ணீர் தேக்கினார்கள். தண்ணீர் கட்டுவதை இவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை; வயல்காரர்கள். ஏழு நாள் வற்றவிடவில்லை என்று பிறகு அறிந்தேன்.

இந்தக் கல்லைத் தூணுக்கும் வளைக்கும் போடலாம் என்று நான் சொல்லவில்லை. ஏ35இல் ஓடும் பார லொறிகளுக்கு இது தாங்கும் என்றும் சொல்லவில்லை. உழவு மெசினும் சைக்கிளும் ஓட்டோவும் போகும் ஒழுங்கைக்கு, நாலில் ஒரு பங்கு, பிரித்து, அரித்து, ஊறவைத்துப் போட்டால் போதும் என்கிறேன். வன்னியின் கிராமங்களில் இன்னும் கொங்கிறீற் ஏறாத ஒழுங்கைகளும், இன்னும் அள்ளாத இடிபாடுகளும் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன.

பிரதேச சபைகளில் மதிப்பீடு எழுதும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒழுங்கைக்கு எழுதும்போது, கருங்கல் சல்லி என்ற வரிக்குக் கீழே இன்னொரு வரியும் எழுதுங்கள்: பாதுகாப்பாகப் பிரித்த, ஊறவைத்த பழைய கொங்கிறீற் கல், 25 வீதம் வரை. கல் பிரிக்கும் பெண்களின் கூலியையும் அதே தாளில் சமமாக எழுதுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது. வார்க்கும் நாளில் அங்கிருந்து இரும்பு அச்சோடு இரண்டு மாணவர்கள் வந்தால் போதும். இருபத்தெட்டாம் நாள், அந்த அச்சில் வார்த்த கொங்கிறீற் கட்டிகளை உடைத்து, எவ்வளவு தாங்கியது என்ற இலக்கத்தை மேசன் அண்ணையிடமும் அந்த அக்காமாரிடமும் வந்து சொல்லுங்கள்.