தளியில் ஜெர்மன் பாஷை

ஜெர்மன் பாஷை நம் வீட்டில் நுழைந்த தினத்தன்று நம் தாயார் கேட்ட முதல் கேள்வி, "எம்டன்காரன் பாஷையா?" என்பதுதான். 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் என்னும் ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையில் குண்டு மாரி பொழிந்துவிட்டு மறைந்தது. அதே வருஷம் நவம்பரில் அக்கப்பல் அழிந்துபோயிற்று. ஆனால் மகா சாமர்த்தியசாலியை "அவன் ஓர் எம்டன்" என்று சொல்லும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் அழியவில்லை.

பாஷையை வீட்டுக்குக் கொண்டு வந்தவள் நம் தம்பியின் குமாரி. நர்ஸ் படிப்புத் தேறி, ஓசூரில் இரண்டு வருஷம் வேலை பார்த்தவள். ஜெர்மனியில் நர்ஸ்களுக்குத் தட்டுப்பாடு. நம் நாட்டிலிருந்து பலர் போகிறார்கள். ஆனால் நோயாளியின் பாஷை தெரியாமல் அவன் கையைப் பிடித்து நாடி பார்க்க முடியுமா? ஏ1-இல் தொடங்கி சி2-இல் முடியும் ஆறு படிகளில் முதற்படியையாவது சீக்கிரம் ஏற வேண்டும் என்று அவள் புறப்பட்டாள். வேலை ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறி ஓசூர் வழியாகப் பெங்களூர் சென்று பாடம் கேட்டு, இருட்டிய பிறகு தளிக்குத் திரும்புவாள்.

எழுத்து வேலையெல்லாம் அழகாகச் செய்தாள். பேசுவதுதான் வரவில்லை. தளியில் யாருடன் ஜெர்மன் பேசுவது? குளிர்ச்சியான சீதோஷ்ணத்தைக் கண்டு வெள்ளைக்காரர்கள் இவ்வூரைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்ததாகச் சொல்வார்கள். குட்டி ஜெர்மனி என்று எவரும் அழைத்ததில்லை! ஆகவே, "நாமே உன்னோடு படிக்கிறோம், அம்மா" என்று வாக்குக் கொடுத்தோம். அறுபது வயதுக்குமேல் அரிச்சுவடி!

மறுநாள் காலையில், "கூட்டன் மோர்கன்" என்றோம். காலை வணக்கம் என்று பொருள். நம் தாயார் சமையலறையிலிருந்து, "கூட்டு இருக்கிறது; மோர் இன்னும் கடையவில்லை" என்று பதில் கொடுத்தார்கள். "வீஃபீல் ஊர்?" என்று குழந்தை மணி கேட்டாள். 'ஊர்' என்றால் அந்தப் பாஷையில் கடிகாரம். "எந்த ஊரா? தளிதான்" என்றார்கள் பாட்டி. கடைத்தெருவில் நாம் முட்டைக்கோஸ் வாங்கிக்கொண்டு, பழக்க தோஷத்தால், "டாங்கெ" என்று நன்றி சொன்னோம். கடைக்காரர், "எதைத் தாங்க என்கிறீர்கள்? இப்போதுதானே கொடுத்தேன்!" என்றார். அவர் விற்கும் நூல்கோலில் உள்ள 'கோல்' டச்சுக்காரர்களிடமிருந்து வந்தது. முட்டைக்கோஸுக்கு ஜெர்மானியர் சொல்லும் 'கோல்' என்ற பெயரும் அதே குடும்பம் என்று தெரிந்தபோது நமக்குச் சற்றுத் தைரியம் பிறந்தது.

இலக்கணத்திலும் சில இடங்களில் சொந்த வீட்டுக்கு வந்தாற்போல் இருந்தது. நீ என்பதற்கு 'டூ', நீங்கள் என்பதற்கு 'ஸீ'. மரியாதை தெரிந்த பாஷை! சில வாக்கியங்களில் வினைச்சொல் தமிழைப்போலவே கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 'டேர்', 'டீ', 'டாஸ்' என்று ஆண், பெண், அலி வகுத்திருப்பதுதான் விபரீதம். சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், சிறு பெண்ணோ இரண்டும் அல்லாத மூன்றாவது பால்! எண்களும் தலைகீழ். முப்பத்தைந்து என்பதை 'ஐந்தும் முப்பதும்' என்கிறார்கள். தக்காளி விலையை இம்முறையில் மனத்துக்குள் மொழிபெயர்க்கப் போய், 35 ரூபாய்க்கு 53 ரூபாயை நாம் நீட்டியதும் உண்டு.

சிரிப்பும் விளையாட்டுமாக நான்கு மாதம் ஓடிற்று. பரீட்சை வந்தது. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. நூற்றுக்கு 60 வாங்கினால் தேர்ச்சி. குழந்தை தேறவில்லை. பேசும் பகுதியில், தன்னைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லச் சொன்னபோது, வாயடைத்து நின்றுவிட்டாளாம்.

"வீட்டில் சொல்வாயே, அம்மா? அங்கே என்ன வந்தது?" என்று கேட்டோம்.

"தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்று பயமாக இருந்தது, பெரியப்பா" என்றாள்.

அந்த வார்த்தை நம் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் அந்தப் பயத்தை விதைத்தவர்கள் நாமேதான். அவள் ஏழு வயதில், விருந்தினர் எதிரில் இங்கிலீஷில் ஏதோ தவறாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தோம், உரக்கச் சிரித்தவர் நாம். இங்கிலீஷ் நமக்கு ஆள்வோரின் பாஷையாக வந்தது. அதில் பிழை செய்தவனுக்கு உத்தியோகமில்லை, மதிப்பில்லை. 1947-இல் ஆட்சி போயிற்று. பிழைக்கு நடுங்கும் நடுக்கம் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. அதை நாம் கல்வி என்று எண்ணிக் குழந்தைகளுக்கும் கொடுத்தோம்.

மறுநாள் அவளைக் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றோம். கீரை விற்கும் அம்மாள் நம்மோடு தமிழில் பேசினாள். ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்தவரிடம் கன்னடத்தில் விலை சொன்னாள். தன் தங்கையைத் தெலுங்கில் கடிந்துகொண்டாள். மூன்றிலும் இலக்கணப் பிழை உண்டு. மூன்றிலும் வியாபாரம் நடந்தது. எவரும் சிரிக்கவில்லை, அவளும் வெட்கப்படவில்லை. எல்லையோரத்து ஊர்களில் பிழைப்பே அப்படித்தான். பாஷைகளுக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்கு வெட்கம் கட்டுப்படியாகாது.

வீட்டுக்கு வந்ததும் சீகன்பால்கு கதையைச் சொன்னோம். 1706-ஆம் வருஷம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அந்த ஜெர்மானியப் பாதிரியார், தமிழ்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதிப் பழகினாராம். அந்தப் பிள்ளைகள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? ஆயினும் அவர் எழுந்து போய்விடவில்லை. 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். மறு வருஷம் அவருடைய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் வெளியாயிற்று. கிட்டெல் என்ற மற்றொரு ஜெர்மானியரின் கன்னட அகராதி 1894-இல் வந்தது. கார்ல் கிரவுல் என்பவர் 1856-இலேயே திருக்குறளை ஜெர்மன் பாஷையில் பெயர்த்தார். அவர்கள் நம் முற்றத்தில் குழந்தைகளாக உட்காரச் சம்மதித்தார்கள். அவர்கள் முற்றத்தில் நாம் உட்கார்ந்தால் குறைந்தா போய்விடுவோம்?

அன்று முதல் வீட்டில் ஒரு சட்டம் செய்தோம்: தினம் பத்துப் பிழையாவது செய்ய வேண்டும், பிழையைத் திருத்தலாம், சிரிக்கக்கூடாது. முதலில் சட்டத்தை மீறியவர் நாம். அபராதமாக வாரம் முழுவதும் காப்பி போட்டுக் கொடுத்தோம். இரண்டாம் முறை குழந்தை 74 மார்க்கு வாங்கினாள். பேச்சில் பிழை இருந்ததாம். இருந்தும் பேசினாளாம்.

போன மாதம், அடுத்த படிகளைப் படிப்பதற்காகப் பெங்களூரில் விடுதியில் தங்கப் புறப்பட்டாள். பஸ் வரும் நேரத்தில் பாட்டியை நமஸ்கரித்து, "அவுஃப் வீடர்ஸேயன், பாட்டி" என்றாள்.

"போகிற வேளையில் என்னவோ சொல்கிறாளே, என்ன அர்த்தம்?" என்று நம் தாயார் கேட்டார்கள்.

"'மறுபடி பார்க்கும் வரையில்' என்று அர்த்தம், அம்மா."

"அப்படியா? போகிறேன் என்று சொல்லவில்லையே? நம்மைப்போலப் போய் வருகிறேன் என்றுதானே சொல்லுகிறார்கள்?" என்றார்கள். பிறகு, பேத்தியின் கன்னத்தைத் தடவி, அந்த வார்த்தையைத் தாமும் சொல்ல முயன்றார்கள். பாதிக்குமேல் பிழை. ஒருவரும் சிரிக்கவில்லை.